அம்மாவோட கொலஸ்ட்ரோல் இறங்குன கதை

நான் கெம்பஸ்ல பயோலொஜி படிக்கிறேன். இத மொதல்லயே சொல்லிர்றேன், ஏன்னா இந்தக் கதையில பெரிய கூமுட்டை நான்தான்.

எங்கம்மா பூனாகலைப் பக்கம் தோட்டத்துல கொழுந்து எடுக்குறாங்க. மலையில கக்கூஸ் கெடையாது. அதனால அம்மாவோட கொழுந்தெடுக்குற செட்டு மொத்தமும் காலையில பேர் பதியுற பெரட்டுக்குப் போகும்போது ஒரு டீ குடிச்சா சரி, வேலை முடியுற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி வாயில வைக்க மாட்டாங்க. குடிச்சா எங்க போறது? வருசக்கணக்கா இதான் பழக்கம். போன மழைக்கு அம்மாவுக்கு ஒண்ணுக்குப் போனா எரிச்சல். யார்கிட்டயும் சொல்லல. அது கிட்னிக்கு ஏறி, கிருமி ரத்தத்துல கலந்து, நடுங்க நடுங்க பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். பிரஷர் இறங்கிருச்சு. என்னைப் பார்த்து வேற யாரோ பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க.

ரெண்டாம் நாள் ரத்த ரிப்போர்ட் வந்துச்சு. அம்மா ரொம்ப நாளா கொலஸ்ட்ரோல் கிளினிக் ஆளு, எப்பவும் கூடத்தான் இருக்கும். இப்பப் பார்த்தா பாதிக்கும் கீழ. நான் ஒடனே குடும்ப வட்ஸ்அப்ல போட்டேன்: "அம்மாக்கு கொலஸ்ட்ரோல் சூப்பரா இறங்கிருச்சு, யாரும் பயப்படாதீங்க." அதக் கேட்டுத்தான் அப்பா மொத தடவையா சோத்துப் பார்சலப் பிரிச்சாரு.

வார்டு டொக்டர் பண்டாரவளை முஸ்லிம் அக்கா ஒருத்தங்க. "என்ன தங்கச்சி, ஒரே சிரிப்பு?"

"கொலஸ்ட்ரோல் இறங்கிருச்சுல்ல டொக்டர்."

"கெம்பஸ்ல இதத்தான் படிச்சுத் தர்றாங்களா?"

அப்புறம் வெளங்கப்படுத்துனாங்க. கொலஸ்ட்ரோல ரத்தத்துல சுமந்துட்டுத் திரியுற துகளுக்குப் பேரு லிப்போபுரோட்டீன். நம்ம அத வில்லனாவே பாக்குறோம். ஆனா கிருமியோட விஷம் ரத்தத்துல கலந்தா, அதுங்கதான், அதுலயும் 'நல்ல கொலஸ்ட்ரோல்'னு சொல்றது, அந்த விஷத்த ஒட்டிப் பிடிச்சு ஈரலுக்குக் கொண்டு போகுமாம். நோய் கடுமையானா அதுவே கொறஞ்சு போயிரும்.

"இவ்வளவு இறங்கிருக்குன்னா உங்கம்மா ஒடம்பு பெரிய சண்டையில நிக்குது. நல்ல செய்தி இல்ல."

"அப்ப நெய் குடுக்கவா?"

"நீங்க ஒண்ணும் குடுக்க வேணாம். மருந்து ஏறுது. கிருமி செத்தா அது தானா கூடும்."

வராண்டாவுக்குப் போய் அப்பாகிட்டச் சொன்னேன். பார்சல் காலியா இருந்துச்சு.

"அப்ப நான் எதுக்குடி தின்னேன்?"



நாலாம் நாள் காய்ச்சல் விட்டுச்சு. அம்மா கண்ணத் தொறந்து என் பேரைச் சரியாச் சொல்லி, "தலைய சீவுனியா இல்லையா?"ன்னாங்க. நான் கக்கூஸ்ல போய் அழுதுட்டு வந்தேன்.

ஒரு மாசம் கழிச்சு கிளினிக்ல திரும்ப டெஸ்ட், அதே டொக்டர் அக்காதான். கொலஸ்ட்ரோல் பழையபடி கூடிருச்சு. அப்பா மூஞ்சி தொங்கிருச்சு, நானும் டொக்டரும் சிரிக்கிறோம். குரூப்ல போட்டேன்: "கொலஸ்ட்ரோல் ஏறிருச்சு, சந்தோசம்." பெரகலயில இருக்குற மாமா அழுகுற ஸ்டிக்கர் அனுப்புனாரு.

டொக்டர் பழைய கொலஸ்ட்ரோல் மாத்திரையத் திரும்ப எழுதிட்டு, அம்மாகிட்ட, "தண்ணி நல்லாக் குடிங்க"ன்னாங்க.

"குடிச்சா எங்க போறது டொக்டர்?"

டொக்டர் பேனாவ மூடிட்டு, "உங்க செட்டுல எத்தனை பேரு?"ன்னு கேட்டாங்க.

அம்மா வேலைக்குத் திரும்புன மொத நாள், அம்மா கூப்பிட, பத்து மணிக்கு செட்டு மொத்தமும் கூடையோட வீடு இருக்குற லயத்துக்கு இறங்கிருச்சு, ஒண்ணுக்குப் போக. கங்காணி ரெண்டு நாள் கத்துனாரு. மூணாம் நாள் அவரே மணியப் பார்த்து, "ம், போயிட்டு வாங்க"ன்னாராம்.

இப்ப அம்மா கூடையில இருக்குறது என் கெம்பஸ் தண்ணிப் போத்தல். கேட்டா தர மாட்டேங்குறாங்க.