அறுபத்திரண்டு சதவீதத்தில் நின்ற கல்யாணம்

பாத்திரம் விளக்குவது அந்த வீட்டில் முனிகிருஷ்ணன்தான். பதினைந்து வருஷத்துச் சட்டம் அது. ஈரக் கையோடு வீடியோ டிஸ்க்கைத் தொடக்கூடாது என்று ஷோபா ஒரு நாள் சொன்னாள். அப்படியானால் ஈரமாவது யார் கை என்ற கேள்வி வந்தது. கல்யாணத்துக்குக் கேமரா தூக்கிவிட்டு வந்து பகலெல்லாம் மல்லாந்து கிடக்கும் மனுஷன், குழாயடியில் குந்தி நாலு குண்டானைத் தேய்த்தால் ஒன்றும் குறைந்துபோகாது என்று அவளே தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் அவர் இட்லித் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, உள்ளே கம்ப்யூட்டர் முன்னாலிருந்து ஷோபா "த்சு" கொட்டுவது கேட்டது.

"போச்சா?" என்றார், திரும்பாமலே.

"போச்சு."

"எத்தினில?"

"அறுபத்திரெண்டு."

"சனிக்கிழம நாப்பத்தொண்ணு. முன்னேறிகினு இருக்கோம்."

"பேசாம தேய்."

நகரி கடைத்தெருவில் 'முனிகிருஷ்ணா டிஜிட்டல்ஸ்' என்று பலகை தொங்கினாலும், கேமராவுக்கு அப்புறம் நடப்பதெல்லாம் ஷோபாவின் கைவேலை. புத்தூரில் பிறந்தவள். பிளஸ் டூ முடித்து, டைப்பிங் கற்றுக்கொண்டு, நல்ல உத்தியோகம் ஒன்று கிடைக்கும் என்று காத்திருந்தபோது முனிகிருஷ்ணன்தான் கிடைத்தார். அப்போது அவரிடம் ஒரு கேசட் கேமராவும், தோளில் ஒரு காய்ப்பும் இருந்தன. எடுத்து வந்ததை வெட்டி ஒட்டத் திருத்தணிக்கு ஓடுவார். ஒரு தடவை கூடப் போனவள், பக்கத்தில் நின்று பார்த்தாள். அடுத்த மாசம் கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தாள். அதற்கடுத்த வருஷத்திலிருந்து முனிகிருஷ்ணன் திருத்தணிக்குச் சாமி கும்பிட மட்டுமே போனார்.

வெட்டுவதில் அவளுக்கென்று சில நியாயங்கள் உண்டு. வாய் நிறையச் சோற்றோடு யாரையும் காட்டமாட்டாள். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பங்காளிகளை அடுத்தடுத்த காட்சியில் வைக்கமாட்டாள். தாய்மாமன் முறுக்கிக்கொண்டு பாதியில் எழுந்துபோன கல்யாணத்தில், அவர் வாசலில் சிரித்துக்கொண்டே நுழைந்ததைக் கடைசிக்குத் தள்ளி, இருந்து ஆசீர்வாதம் பண்ணினதுபோல் செய்துவிட்டாள். அதைப் பார்த்து மாமனே சமாதானமானார் என்பது ஊரில் பேச்சு.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு வாக்கு. "பத்து வருசம் கழிச்சு வந்து கேட்டாலும் ஒரு காப்பி இருக்கும்" என்பாள். பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க டிஸ்க்குகள்தான். ஒவ்வொன்றிலும் மார்க்கரால் பெயர், தேதி, மண்டபம். புடவைகள் மேல்தட்டில் நெருக்கியடித்துக் கிடக்கும்.

இப்போது டிஸ்க்கில் ஏறாமல் நின்றுபோயிருப்பது ஹரிப்ரியாவின் கல்யாணப் படம். சத்தியவேடு பக்கத்து விவசாயக் குடும்பம். பெண் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பென் டிரைவ் வேண்டவே வேண்டாம் என்று அவளுடைய அப்பா, அவள் வாயில் நைனா, கையெடுத்துக் கும்பிட்டிருந்தார். மூத்த மகள் கல்யாணத்தைப் பென் டிரைவில்தான் வாங்கினார்களாம். பேரன் ஒருநாள் அதைக் கொண்டுபோய்க் கார்ட்டூன் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். தாலி கட்டுவதைப் பார்க்கலாம் என்று சொந்தக்காரர்களைக் கூட்டி டிவியில் போட்டால், ஒரு கரடி தேன் குடித்ததாம்.

படம் பதினோரு ஜிபி. அதைப் பிரிப்பதில் ஷோபாவுக்குத் தடுமாற்றமில்லை. டிவிடி அட்டையில் நாலு புள்ளி ஏழு என்று போட்டிருப்பான். கம்ப்யூட்டரோ நாலு புள்ளி மூணு ஏழுக்கு மேல் ஒத்துக்கொள்ளாது. ஆரம்ப காலத்தில் இதில் ஏமாந்து அழுதவள். இப்போதெல்லாம் நாலு ஜிபிக்குள் துண்டு போட்டுவிடுவாள். பெண்ணழைப்பு ஒன்று, முகூர்த்தம் ஒன்று, வரவேற்பும் விருந்தும் ஒன்று. ஆக மூன்று தட்டு. பீரோவுக்கு இன்னொரு மூன்று.

கணக்கெல்லாம் சரி, தட்டுதான் வரவில்லை. வைகாசிக் கடைசியில் இந்த வீட்டுக்குக் குடிவந்தார்கள். வந்தபின் டிஸ்க்கில் எழுதுகிற முதல் பெரிய படம் இது. மூன்று நாளில் ஒன்பது டிஸ்க் பாழ்.

"திருப்பதி யஸ்வந்த்கிட்டப் பேசினேன்" என்றார் முனிகிருஷ்ணன், கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து. யஸ்வந்த் புதிதாக லேப் போட்டிருப்பவன். மூன்று பெரிய கம்ப்யூட்டர், குளிர்சாதனம், கண்ணாடிக் கதவு. "எடிட்டிங்லேர்ந்து டிவிடி வரைக்கும் அவனே பார்த்துக்கிறானாம். வெள்ளிக்கிழமைக்குள்ள இது வந்துச்சுன்னா சரி. வரலைன்னா திங்கட்கிழமைலேர்ந்து எல்லாத்தையும் அவன்கிட்டயே குடுத்துடலாம்."

"அப்ப நானு?"

"நீ ரெஸ்ட் எடு."

சீக்காளிக்குச் சொல்கிற வார்த்தை. ஷோபா அந்தத் தட்டை வெளியே எடுத்தாள். கெட்டுப்போன டிஸ்க்கின் முதுகில் மார்க்கரால் எழுதினாள்: திங்கள், 9.40, 62.

முதலில் டிஸ்க்கைச் சந்தேகப்பட்டாள். திருப்பதியிலிருந்து வேறு கம்பெனி டிஸ்க் பெட்டி வந்தது. அதுவும் கெட்டுப் போனது. அடுத்து டிஸ்க் எழுதுகிற ரைட்டரைச் சந்தேகப்பட்டாள். புத்தூரில் புது ரைட்டர் வாங்கி யூஎஸ்பியில் மாட்டினாள். எண்பத்தெட்டு வரை ஆசை காட்டிவிட்டுப் போனது. முனிகிருஷ்ணன் போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு வந்து, "வேகத்தக் கொறைக்கணுமாம்மே. பதினாறுல போடாத, நாலுல போடு" என்றார். நாலில் போட்டாள். ஆறு நிமிஷத்தில் கெட்டுக்கொண்டிருந்தது இப்போது நிதானமாகப் பன்னிரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டு கெட்டது.

"கரெண்டா இருக்கும்" என்றார் அவர்.

லேப்டாப்பின் வயரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியிலேயே போட்டாள். செவ்வாய், 11.15, 53.

ஷோபாவை அண்ணி முறை வைத்து 'வதினா' என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுச் சென்னம்மாவுக்கு மட்டும் இதில் கொண்டாட்டம். கெட்ட டிஸ்க்கையெல்லாம் வாங்கிப்போய்க் கொய்யா மரத்தில் கட்டித் தொங்கவிட்டாள். வெயிலில் அது மின்னுகிற மின்னலில் ஒரு கிளிகூடக் கிட்டே வரவில்லை.

"வதினா, இன்னும் ரெண்டு இருந்தா குடு. கிழக்குப் பக்கக் கொம்பு சும்மா கீது."

"நான் இங்க செத்துகினு இருக்கேன், உனுக்குக் கொம்பு!"

"ராவுகாலம் பார்த்துப் போடுறியா நீ?"

ராகுகாலம் பார்த்து டிவிடி போடுகிறவர்கள் உண்டா என்று ஷோபா சிரித்தாள். சிரித்தாலும் புதன்கிழமை வீம்புக்கென்றே பன்னிரண்டு ஐம்பதுக்குப் போட்டாள். புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை ராகுகாலம். நடு ராகுகாலத்தில், பெண்ணழைப்பு நூறு சதவீதம் எழுதி, சரிபார்ப்பும் முடிந்து, தட்டு தானே வெளியே நீண்டது.

ஷோபா அதைக் கையில் ஏந்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அடுத்ததை ஒன்றரைக்குப் போட்டாள். எழுபதில் போனது.

"பாத்தியா, ராவுகாலம் முடிஞ்சிடுச்சு" என்றார் முனிகிருஷ்ணன். "ஒரு தட்டு குருட்டாம்போக்குல வந்ததெல்லாம் கணக்குல சேராது. யஸ்வந்துக்கு சரின்னு சொல்லிடட்டுமா?"

"வெள்ளிக்கிழமன்னு சொன்னது நீதான? இன்னும் வியாழக்கிழம ஒண்ணு கீது."

வியாழன் காலை பத்து மணிக்கு ஹரிப்ரியா போன் பண்ணினாள்.

"அக்கா, நாளைக்கு நைனா வராரு. ரெடியாயிடுமா?"

"ஆயிடும்மா. முகூர்த்தத்துல உன் முகம் எப்படி விழுந்திருக்குன்னு பாரு, கண்ணு படப்போவுது."

"அத விடுக்கா, அங்க இன்னா இவ்ளோ சத்தம்? மாவு மில்லுலயா இருக்க?"

"இன்னா சத்தம்? ஒரு சத்தமும் இல்லியே."

"இல்லியா? டடக் டடக்குனு என் காதே அடைக்குது."

ஷோபா போனைக் காதிலிருந்து எடுத்தாள். கவனித்துக் கேட்டாள். ஆமாம், டடக் டடக்.

தறி. சுவருக்கு அந்தப் பக்கம் எட்டு விசைத்தறி ஓடுகிற ஷெட். நகரியில் தறிச் சத்தம் யார் காதில் விழும்? கல்யாணமாகி வந்த முதல் மாசம் அவளுக்கு விழுந்தது. அப்புறம் ஓடினால் தெரியாது, நின்றால்தான் தெரியும். கரெண்டு போகிற நாளில் ஊரே பேச்சை நிறுத்திவிட்டு, என்ன ஆச்சு என்று வாசலுக்கு வரும்.

"அப்புறம் பேசறேம்மா" என்று போனை வைத்துவிட்டு, மதில் மேலாக எட்டிப் பார்த்தாள். சென்னம்மா அந்த ஷெட்டில்தான் நூல் சுற்றுகிறாள். காலை டீக்கு வெளியே வந்திருந்தாள்.

"சென்னம்மா! மத்தியானம் தறிய எப்போ நிறுத்துவாங்க?"

"பன்னெண்டரைக்கு. துன்னுட்டு ஒண்ணே காலுக்குப் போடுவாங்க. ஏன் வதினா, யார்னா வேலைக்கு வராங்களா?"

நேற்று அந்த ஒரு தட்டைப் போட்டது பன்னிரண்டு ஐம்பதுக்கு. ஷோபா உள்ளே ஓடினாள்.

லேப்டாப்பும் ரைட்டரும் இருந்தது சுவரில் அடித்த பலகையின் மேல். குடிவந்த அன்றே முனிகிருஷ்ணன் தன் கையால் அடித்த பலகை. மேசை வாங்கினால் இடத்தை அடைக்கும் என்று, ஓட்டை போட்டு, நீள நீளமான போல்ட்டு முடுக்கி, அதன் மேல் ஏறி நின்றே காட்டினார். "யானையே ஏறலாம். சுவரும் பலகையும் ஒண்ணாயிடுச்சு பாரு." அப்படித்தான் ஒன்றாகியிருந்தது. ஷோபா உள்ளங்கையைப் பலகையில் வைத்தாள். பூனை வயிற்றில் கை வைத்ததுபோல் இருந்தது. எட்டுத் தறியும் அந்தச் சுவர் வழியாக வந்து, பலகைக்குள் புகுந்து, ரைட்டருக்குள் சுற்றுகிற தட்டை உலுக்கிக்கொண்டிருந்தன.

ஷோபா லேப்டாப்பை மூடினாள். ரைட்டரைக் கழற்றினாள். சமையலறை வீட்டின் பின்கோடி. தறிச் சுவர் அங்கே வராது. மூலையில் முந்தாநாள் வந்து இறங்கிய இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை, பிரிக்காமல் நின்றது. அதைப் படுக்கவைத்து, மேலே துண்டை நாலாக மடித்துப் போட்டு, ரைட்டரை அதன் மேல் உட்காரவைத்தாள். லேப்டாப் பக்கத்து ஸ்டூலில். முகூர்த்தத்தைப் போட்டாள்.

முனிகிருஷ்ணன் குண்டானோடு உள்ளே வந்தவர் அப்படியே நின்றார்.

"இன்னாமே இது? அரிசிக்குப் படம் காட்டுறியா?"

"கால எடுத்து வெச்சு நட. தொம்முனு நடக்காத."

"சோறு வடிக்கணுமே."

"அரை மணி நேரம் கழிச்சு வடிச்சா அம்மாவாசை தள்ளிப்போயிடாது."

அவர் குண்டானை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, தானும் குந்தினார். இரண்டு பேரும் அரிசி மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. இப்போது ஷோபாவுக்கு ஒவ்வொரு அடியும் கேட்டது. அறுபத்திரண்டு வந்தபோது முனிகிருஷ்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். எழுபது. எண்பத்தெட்டு. தொண்ணூற்றொன்பதில் வெகுநேரம் நின்றது.

"போச்சா?"

"வாய மூடு."

நூறு. அதன்பின் சரிபார்ப்பு. தட்டு வெளியே வந்தது.

அடுத்தது வரவேற்பு. அதுவும் வந்தது. பீரோவுக்கான மூன்றையும் போட்டாள். ஒன்றும் தவறவில்லை. இடையில் மதில் பக்கம் வந்து, "கிழக்குக் கொம்புக்கு இன்னும் இல்லியா?" என்ற சென்னம்மாவிடம், "கடை மூடியாச்சு போ" என்றாள் ஷோபா.

சோறு வடிக்கும்போது மணி மூன்றாகிவிட்டது. சாப்பிட்டுக் கை கழுவியபின், முன்னறையில் பாயை விரித்து, ஆறு டிஸ்க்கையும் வரிசையாக வைத்து மார்க்கரால் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். முனிகிருஷ்ணன் காலியாகக் கிடந்த பலகையின் அருகே போய் நின்றார். போல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். பலகையில் கை வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார்.

"நடுங்குது" என்றார்.

ஷோபா 'முகூர்த்தம்' என்று எழுதி, ஈரம் காய ஊதினாள்.

"நான் அடிக்கிறப்போ தறி ஓடலையே. அன்னிக்கு ஞாயித்துக்கிழம."

அவள் அடுத்த டிஸ்க்கை எடுத்தாள்.

"ஸ்ட்ராங்கா இருக்கணும்னுதான் அடிச்சேன்."

"ஸ்ட்ராங்குல ஒரு குறையும் இல்ல."

அப்போது அவருடைய போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். யஸ்வந்த். காதில் வைக்குமுன்பே அந்தப் பக்கத்திலிருந்து தெலுங்கில் குரல் வந்துவிட்டது. "அன்னா, திங்கட்கிழமைக்கு உங்களுக்குன்னு ஒரு சிஸ்டம் ஒதுக்கிட்டேன். மொத்தமா எத்தனை கல்யாணம் வரும், இப்பவே சொல்லுங்க. நேத்து நீங்க சொன்னதை வெச்சு ஆளும் போட்டுட்டேன்."

வெள்ளிக்கிழமைவரை பொறுப்பதாகச் சொன்ன மனுஷன் நேற்றே சரி சொல்லிவிட்டார் என்பது ஷோபாவுக்கு இப்போதுதான் தெரியும். மார்க்கரின் மூடியைப் போட்டாள். க்ளிக் என்றது.

முனிகிருஷ்ணன் போனை நெஞ்சோடு அழுத்தி மூடிக்கொண்டார். "ஷோபா. இந்தப் பையனுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

ஷோபா ஆறு டிஸ்க்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள். சொன்னவரே பதிலும் சொல்லிக்கொள்ளட்டும் என்று, பீரோ இருக்கிற உள்ளறைக்குப் போனாள்.

"ஏய், உன்னத்தான் கேக்குறேன்" என்றார் முனிகிருஷ்ணன் அந்தக் கதவைப் பார்த்து.