பல்செட் மெஷினில் பிறந்த இறக்கை

பிள்ளைகளே, அப்பாமார் பொய் சொல்வார்களா என்று யாராவது கேட்டால் முதலில் கையைத் தூக்குகிறவன் நானாகத்தான் இருப்பேன். என் மூத்த மகளிடம் நான் ஒரு பொய் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் என்னை நம்புவாளா மாட்டாளா என்று தெரியாமல் பத்து நாள் தவித்தேன். அந்தக் கதைதான் இது.

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். தக்கலையில் வீட்டு முன்னறையில் வைத்துப் பல்செட் செய்வது என் தொழில். பல் டாக்டர்கள் வாய் அளவை அனுப்புவார்கள், நான் பல்லைக் கட்டித் திருப்பி அனுப்புவேன். இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் என் மனைவி குவைத்தில் நர்ஸாக இருந்தாள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் லீவு. வீட்டில் நானும் இரண்டு பெண்பிள்ளைகளும். மூத்தவள் ஆறாம் வகுப்பு, இளையவள் ஒன்றாம் வகுப்பு.

அந்த வருடம் ஓணத்தை ஒட்டி வரும் காலாண்டுப் பரீட்சை, எங்கள் ஊர்ப் பேச்சில் ஓணப்பரீட்சை, நடந்த சமயத்தில் லீவுக்கு வந்த ஒருவர் கையில் மனைவி ஒரு பெட்டி கொடுத்துவிட்டாள். பால்பொடி, சோப்பு, தைலம், பாதாம் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பாலித்தீன் கவர். அதன்மேல் ஒரு படம். முதல் உலகப் போர் காலத்துப் போர் விமானம். மேலும் கீழுமாக இரண்டடுக்கு இறக்கை, நடுவே குச்சிகள், குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள், தலை மட்டும் வெளியே தெரிய உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர். கவரைப் பிரித்தால் உள்ளே புடைப்புப் புடைப்பாக இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் தகடும் ஒரு செய்முறைத் தாளும்தான் இருந்தன.

"அப்பா, விமானத்த ஆரோ எடுத்துட்டாவ. பேக்கிங் மட்டும்தான் வந்திருக்கு," என்றாள் மூத்தவள். "பிஸ்கட் டப்பாக்குள்ள இருக்கப்பட்ட தட்டாக்கும் இது."

இளையவள் அதற்குள் தகட்டைக் குப்புறப் போட்டு, குழிக்கு ஒன்றாகப் பாதாமை அடுக்க ஆரம்பித்திருந்தாள்.

எனக்கு மட்டும் பார்த்ததுமே புரிந்துவிட்டது. என் பட்டறையில் ஒரு சின்ன மெஷின் உண்டு. தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்குப் பல்லின்மேல் மாட்டும் உறை செய்வதற்கானது. பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கினால் அது தொய்ந்து தொங்கும். அதை அப்படியே பல்லின் பிளாஸ்டர் அச்சுமேல் இறக்கி, அடியிலிருந்து காற்றை உறிஞ்ச வேண்டும். மழையில் நனைந்த சட்டை முதுகில் ஒட்டுகிற மாதிரி தகடு அச்சில் ஒட்டிக்கொள்ளும். ஆறினால் அதே வடிவம். இந்த விமானத்தையும் அப்படித்தான் செய்திருந்தார்கள். இறக்கை, வயிறு, வால் எல்லாம் அந்தத் தகட்டுக்குள்ளேயே இருந்தன. வெட்டி எடுத்து, தேய்த்து, ஒட்ட வேண்டியது நம் பாடு.

வெள்ளிக்கிழமை போனில் பிள்ளைகளின் அம்மா மூத்தவளிடம் பெருமையாகச் சொன்னாள்: "கடை கடையா ஏறி இறங்கி உனக்குண்ணு தேடி வாங்கினதாக்கும். பத்திரமா செய்யணும், கேட்டியா?"

"நீங்க கிறிஸ்மசுக்கு வரும்போ விமானம் ஜன்னல் பக்கத்துல தொங்கும்," என்றாள் மகள். போனை வைத்ததும் என் பக்கம் திரும்பினாள். "அப்பா, நான் இல்லாத நேரத்துல நீங்க இத தொடப்பிடாது."

"தொடமாட்டேன் மக்களே."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. முந்தின வருடம் பள்ளிக்கூடத்துக்காக அவள் களிமண்ணில் ஒரு வாயும் பல்லும் செய்தாள். நான் அதைக் 'கொஞ்சம்' திருத்தினேன். டீச்சர் பார்த்துவிட்டு, "இத உங்கப்பாவே கிளாசுக்குக் கொண்டு வரட்டும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

வேலையைத் தொடங்கினோம். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து காப்பி குடித்தபின் ஒரு மணி நேரம். பாகத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட வேண்டும். பிளேடால் மெல்லக் கீறி வளைத்தால் பாகம் தனியே வந்துவிடும். ஆனால் தகட்டின் கனம் அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வரும். உப்புத்தாளை ஒரு கண்ணாடிமேல் விரித்து, தண்ணீர் தெளித்து, பென்சில் கோடு மறையும்வரை தேய்த்தால்தான் அந்தக் கனம் போகும். ஓர் இறக்கை மேல்பாதி, அடிப்பாதி என்று இரண்டு துண்டாக வரும். இரண்டையும் தேய்த்து ஒட்டினால் நடுவே வெற்றிடம். ஒரு பாதியைத் தேய்க்கவே இரண்டு நாள் ஆனது. மகளுக்குப் பொறுமை இருந்தது. எனக்கு இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். ஒரு பல்செட்டை மோட்டாரால் உரசி முடித்தேன். மோட்டார் இன்னும் கையில் சுற்றிக்கொண்டிருந்தது. எதிரே கீழ் இறக்கையின் அடிப்பாதி, பென்சில் கோட்டோடு. ஒரு நிமிட வேலைதானே என்று நினைத்தேன். அவள் வரும்போது தேய்த்து வைத்திருந்தால் சந்தோஷப்படுவாள் என்றும் நினைத்தேன். தப்புச் செய்யப் போகிறவனுக்கு நல்ல காரணம் உடனே கிடைத்துவிடும் பிள்ளைகளே.

பல்செட் பிளாஸ்டிக் கட்டியானது. மோட்டார் பட்டால் பொடியாகப் பறக்கும். இந்தத் தகடு அப்படியல்ல. மோட்டாரின் சூடு பட்டதும் உருகியது. நான் கையை எடுப்பதற்குள், எண்ணெயில் போட்ட பப்படம் போல இறக்கையின் ஒரு முனை சுருண்டுவிட்டது. அதை மேசை இழுப்பறைக்குள் ஒளித்து வைத்தேன்.

நாலரை மணிக்கு மகள் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, வழக்கம்போல விளையாட்டாகக் கேட்டாள். "அப்பா, தொட்டியளா?"

"இல்லியே."

நான் யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"அப்ப வாங்க, அந்த அடிப்பாதிய தேய்ப்போம்."

"இப்ப வேண்டாம். அது கொஞ்சம் இறுகணும். சனியாச்ச பாப்போம்."

"பிளாஸ்டிக் இறுகுமா?"

"சில பிளாஸ்டிக் இறுகும் மக்களே." முதல் பொய்க்குத் துணைக்கு இரண்டாவது.

மறுநாள் பட்டறையில் வேறு வேலை நடக்கவில்லை. சுருண்ட முனையை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் மெழுகு வைத்து வடிவம் கொடுத்தேன். வாய் அளவெடுக்கிற மாவைக் குழைத்து அதில் இறக்கையைப் பதித்தேன். அந்தப் பள்ளத்தில் பிளாஸ்டர் ஊற்றி ஓர் அச்சு செய்தேன். ஒரு சாண்கூட இல்லாத பிளாஸ்டர் இறக்கை மேசைமேல் காய்ந்துகொண்டிருந்தபோது, குளச்சலில் மீன் ஏலம் விடுகிற ஒருவர் உள்ளே வந்தார். அவருடைய பல்செட் என்னிடம் பாதி வேலையில் நின்றது.

"என் பல்லு என்னாச்சு வே? பல்லில்லாம ஏலம் விளிச்சா காத்துதான் வருது. ஒருத்தனும் வெல கேக்க மாட்டேங்கான்." பேசிக்கொண்டே மேசையைப் பார்த்தார். "அய்யோ, இது ஆருக்குள்ள பல்லு? ஆனைக்கா?"

அவரிடம் நடந்ததைச் சொல்லி, மகள் காதுக்குப் போகக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன்.

"நான் வாயத் தொறக்க மாட்டேன். நீரு பல்லு தந்தாத்தானே தொறக்க முடியும்?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் மெஷினுக்கு நான் வாங்கி வைத்திருக்கும் தகடு கண்ணாடி போன்றது. இறக்கையும் கண்ணாடியாகவே வந்தது. வெட்டி, இந்த முறை கையாலேயே தேய்த்து, மேலே இரண்டு தடவை வெள்ளைப் பெயின்ட் அடித்தேன். மற்றப் பாகங்களோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை. நல்ல கைதான் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

ஆனால் என் தொழில் பழக்கம் ஒன்று என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. பல்செட்டில் சிரித்தால் தெரிகிற வெளிப்பக்கத்துக்குத்தான் பளபளப்பு ஏற்றுவோம். ஈறில் உட்காருகிற உள்பக்கத்தைத் தொடவே மாட்டோம், தொட்டால் வாயில் பொருந்தாது. இருபது வருடப் பழக்கம். இறக்கைக்கும் ஓர் உள்பக்கம் உண்டு என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

சனிக்கிழமை மகளும் நானும் இறக்கையை ஒட்ட உட்கார்ந்தோம். அந்த நேரம் பார்த்து ஏலக்காரர் பல்செட் வாங்க வந்தார். மாட்டிக்கொண்டு, "அம்பது! அம்பத்தஞ்சு! அறுவது!" என்று ஜன்னல் அதிரக் கூவிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. பையிலிருந்து ஒரு சின்னச் சுருளை எடுத்து மகளிடம் நீட்டினார். தூண்டில் கட்டுகிற மெல்லிய தங்கூஸ் நூல். "விமானத்துல கம்பி கட்ட இது உதவும் பிள்ளே." பிறகு என்னைப் பார்த்து, "அந்த ஆனைப்பல்லு நல்லா வந்துதா வே?" என்றார்.

"எந்த ஆனை?" என்றாள் மகள்.

அவர் புதுப் பல்லை மூடிக்கொண்டார். வாசல் வரை போய்த் திரும்பி, "வாய் வந்துது, வாக்கு போயிட்டு. மன்னிக்கணும் வே," என்று சொல்லி இறங்கிவிட்டார்.

மகள் மேசைமேல் கிடந்த பாகங்களைக் கிட்டே இழுத்தாள். ஒவ்வொரு பாகமாக எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். அடிப்பாதியிடம் வந்ததும் நின்றாள். "மத்ததெல்லாம் உள்ளயும் வெள்ள. இதுக்கு மட்டும் உள்ள கண்ணாடி மாதிரி மினுங்குது." நகத்தால் வெளிப்பக்கம் சுரண்டினாள். பெயின்ட் உரிந்தது.

"விமானத்துக்கும் அப்பா பல்லு கட்டிட்டாவ!" என்று இளையவள் கை தட்டினாள்.

"மோட்டார் வச்சேன் மக்களே. உருகிட்டு," என்றேன்.

"நான் அத கேக்கல. உருகினா வேற செய்யலாம். தொட்டியளாண்ணு அண்ணைக்கு கேட்டேன்லா? இல்லண்ணு சொன்னியளே."

எல்லாவற்றையும் கவருக்குள் போட்டு, அலமாரிக்கு மேலே வைத்துவிட்டாள். அழவில்லை, சண்டை போடவில்லை. சட்னி வேண்டும், சீப்பைக் காணோம் என்று மற்றதெல்லாம் பேசினாள். விமானத்தைப் பற்றி மட்டும் பேச்சில்லை. நாலரை மணிக்குச் செருப்பைக் கழற்றும்போது "தொட்டியளா" என்று கேட்பதையும் விட்டுவிட்டாள். அந்தக் கேள்வி இல்லாமல் எனக்கு வீடே வீடாக இல்லை.

வெள்ளிக்கிழமை அம்மாவின் போன். "விமானம் எது வரைக்கும் ஆச்சு?"

மகள் என்னைப் பார்த்தாள். "நல்லா போகுது அம்மா," என்றாள். போனை வைத்ததும் சொன்னாள்: "பாத்தியளா? இப்ப என்னையும் பொய் சொல்ல வச்சிட்டிய."

அவள் அம்மாவிடம் சொல்லிக்கொடுத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு சுட்டிருக்காது. "தப்புதான் மக்களே. உனக்கு என்ன தோணுதோ அதச் சொல்லு, செய்யுதேன்," என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். "எங்க டீச்சர்னா இம்போசிஷன் தருவாவ."

"நூறு தடவ எழுதணுமா?"

"ஒரு தடவ போதும்." அலமாரி மேலிருந்து கவரை இறக்கினாள். கீழ் இறக்கையின் மேல்பாதியை எடுத்து, அதன் வெள்ளை உள்பக்கத்தைக் காட்டினாள். "இதுல எழுதுங்க. அழியாத பேனா வச்சு."

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்: 'இதை உருக்கியது அப்பா. தொடவில்லை என்று சொன்னது பொய்.'

ஒட்டிவிட்டால் உள்ளே போய்விடும், யார் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. அதற்குள் மகள் துணியில் டர்பன்டைன் தொட்டு, அடிப்பாதியில் நான் அடித்த பெயின்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இறக்கை மறுபடியும் கண்ணாடியானது. "இதுக்கு மட்டும் பெயின்ட் வேண்டாம்," என்றாள்.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. பல்செட்டுக்குக் கொக்கி வளைக்கும் கம்பி இரண்டு இறக்கைக்கும் நடுவே தூணாக நின்றது. தங்கூஸை மகள்தான் இழுத்துக் கட்டினாள். ஒரு காலை பள்ளிக்கூடம் போகும்போது, "மூக்குல காத்தாடி மட்டும்தான் பாக்கி. நீங்க ஒட்டிருங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். சாயந்தரம் வந்து பார்த்தால் காத்தாடி மேசையிலேயே கிடந்தது.

"ஒட்டலியா?"

"நீ வந்த பொறவு ஒட்டலாம்ணு..."

"நான்தானே ஒட்டச் சொன்னேன்! சொன்னாலும் செய்ய மாட்டிய, சொல்லாட்டா செய்விய," என்று திட்டினாள். அந்தத் திட்டு எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா!

கிறிஸ்மசுக்கு நாலு நாள் முன்பு, நல்ல மத்தியானத்தில் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டிலிருந்து அம்மா வந்த கார் வாசலில் நின்றது. பெட்டியை வைத்ததும் பிள்ளைகள் அவளை ஜன்னலடிக்கு இழுத்துப் போனார்கள். அண்ணாந்து பார்த்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி இறக்கைக்குள் என் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. வாய்விட்டு வாசித்தாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், முந்தானையால் கண்ணைத் துடைக்க வேண்டியதாயிற்று.

"நானும் ஒண்ணு சொல்லட்டா?" என்றாள். "கடை கடையாலாம் ஏறல மக்களே. ஒரு கடை வாசல்ல தள்ளுபடிக் கூடையில கெடந்துது. ஜெல்லி ஊத்தி வைக்கப்பட்ட அச்சுண்ணு நெனச்சாக்கும் எடுத்தேன்."

மூத்தவள் இடுப்பில் கை வைத்து அம்மாவைப் பார்த்தாள். பிறகு அழியாத பேனாவை எடுத்துவந்து, விமானத்துக்கு அடியில் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உள்ளதான் ஒட்டியாச்சே மக்களே?" என்றாள் அம்மா.

"வெளிய இடம் கெடக்கு."

"வெளியயா? ஊரு பாக்கும்லா!"

"பாக்கட்டு," என்று நாற்காலியில் ஏறினாள். "அப்பா, கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்க."

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். வேறெதையும் தொடவில்லை.