லெக்கக்கில்லா

எனக்கு ஏழு வயதில் எங்கள் தெருவில் ஒரு பட்டம் கிடைத்தது. கொடுத்தவள் எதிர்வீட்டு மாடியில் இருந்த அக்கா. பட்டத்தின் பெயர் லெக்கக்கில்லா. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் ஆறு மாதம் சந்தோஷமாக இருந்தேன்.

பெங்களூர் காக்ஸ் டவுனில் சர்ச்சுக்குப் பின்னால் போகும் ஒரு சந்தில் எங்கள் வீடு. தொண்ணூறுகளின் ஆரம்பம். பள்ளிக்கூடம் மூன்றரைக்கு விடும். நானும் அண்ணனும் நடந்து வந்து, பக்கத்து வீட்டில் சாவி வாங்கி, பைகளைக் கட்டில்மேல் வீசிவிட்டு, ஒரு காரா பன்னை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துக்கொண்டு தெருவுக்கு ஓடுவோம். ஆபீஸிலிருந்து அம்மா வரும் பஸ் ஆறு மணிக்கு முன்னால் வந்ததே இல்லை. அம்மா தெருமுனையில் தலை காட்டினால் ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம். கை கால் கழுவி, பால் குடித்து, ஹோம்வொர்க்குக்கு உட்கார வேண்டும். அதுவரைக்கும் எங்களை ஏன் என்று கேட்க ஆள் கிடையாது.

சில நாள் பாண்டி ஆடுவோம். தெருவின் கன்னடப் பிள்ளைகள் அதையே குண்டேபில்லே என்பார்கள். கட்டம் ஒன்றுதான், பெயருக்காக மட்டும் சண்டை வரும். ஆனால் பெரும்பாலும் லகோரிதான். ஏழு தட்டைக் கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு கட்சி பந்தால் அடித்துச் சரிக்கும். சரித்தவர்களே ஓடி ஓடித் திரும்ப அடுக்க வேண்டும். அதற்குள் எதிர்க்கட்சி பந்தை வீசி யார்மேல் அடித்தாலும் அவர் அவுட். அடுக்கி முடித்து “லகோரி” என்று கத்திவிட்டால் ஜெயம்.

பெரிய பிள்ளைகள் எட்டுப் பேர். ஒன்பதாவதாக நான் ஒட்டிக்கொண்டேன். என்னை விட்டுவிட்டு ஆடினால் அம்மாவிடம் சொல்லிவிடுவேன் என்று அண்ணனுக்குத் தெரியும். முதல் நாளே எதிர்வீட்டு அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். “புட்டியை விடுங்கப்பா, ஓடட்டும். அவ லெக்கக்கில்லா.”

அக்கா வீட்டில் கன்னடம், தெருவில் எங்களோடு தமிழ். சின்னப் பெண் என்பதற்கு மட்டும் கன்னடத்தில் புட்டி என்பாள். பன்னிரண்டு வயது. அவள் அளவுக்குக் குறி வைத்து அடிக்க அந்தத் தெருவில் ஒரு பையனும் இல்லை, என் அண்ணனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

லெக்கக்கில்லாவாக இருப்பது எனக்குப் பெரிய சௌகரியமாக இருந்தது. பந்து என் முதுகில் பட்டாலும் நான் அவுட் இல்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சுவரோரம் உட்கார, நான் மட்டும் கடைசிவரை ஓடிக்கொண்டிருப்பேன். எனக்குப் பயந்துதான் இப்படி ஒரு சலுகை கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

இந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடத்தில் கன்னடம் வந்தது. கன்னட மிஸ் ஒருநாள், லெக்க என்றால் கணக்கு என்றாள். எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. லெக்கக்கு இல்லை, அதாவது எனக்குக் கணக்கே கிடையாது! கன்னடம் பேசும் வீட்டு அக்காவே சொன்ன பிறகு வேறு யாரைக் கேட்க வேண்டும்? அன்றிலிருந்து நான் கணக்கு ஹோம்வொர்க் போடுவதை நிறுத்திவிட்டேன். மற்ற பாடமெல்லாம் ஒழுங்காக எழுதினேன், அநியாயம் சொல்லக்கூடாது. நான்காம் நாள் டைரியில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள்.

“ஏன்டி கணக்குப் போடல?” என்று அம்மா கேட்டாள்.

“நான் லெக்கக்கில்லா. எதிர்வீட்டு அக்கா சொல்லிட்டா.”

அம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். பிறகு முந்தானையால் துடைத்துக்கொண்டு, “அது இந்தக் கணக்கு இல்லடி. நாம ஒப்புக்குச் சப்பாணின்னு சொல்லுவோமே, அதான். உன்னை ஆட்டத்துல சேத்துக்கிட்டாங்க, கணக்குல சேத்துக்கல. நீ ஓடினாலும் ஒண்ணுதான், ஓடலனாலும் ஒண்ணுதான்” என்றாள்.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். மறுநாள் ஆட்டத்தில் கண்ணைத் திறந்து பார்த்தேன். நான் வைத்த கல்லை ஒவ்வொரு முறையும் யாராவது எடுத்துவிட்டு, அதே இடத்தில் அதே கல்லை அவர்கள் வைத்தார்கள். இத்தனை நாளும் நான் கோணலாக வைத்ததைச் சரி செய்கிறார்கள் என்றல்லவா நினைத்திருந்தேன். அவமானத்தில் காது சுட்டது.

“என்னையும் கணக்குல சேருங்க” என்று அன்றே கேட்டேன்.

“சேத்தா மொத பந்துலயே போயிடுவே. அதுவும் ஆள் ஜோடியா இருக்கணும். உன்னோட ஒன்பது, ஜோடிக்கு எங்க போறது?” என்றான் அண்ணன். அதில் நியாயம் இருந்தது, அதனால்தான் இன்னும் கோபம் வந்தது. கட்சி பிரிக்கிற முறை அப்படி. தலைவர்கள் இரண்டு பேர் போக, மீதிப் பேர் இரண்டிரண்டாகத் தள்ளிப்போய் ரகசியமாக ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். தலைவன் ஒரு பெயரைக் கேட்பான், அந்தப் பெயர்க்காரன் அவன் பக்கம். எனக்கு ஜோடி இல்லாத வரைக்கும் பெயரும் இல்லை. ராத்திரி சாமி கும்பிடும்போது, யாராவது ஒருத்தர் வீடு மாற்றிக்கொண்டு போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஜூனில் பள்ளி திறந்த கொஞ்ச நாளில் எதிர்வீட்டில் சடங்கு நடந்தது. அம்மா தட்டில் பூவும் வளையலும் எடுத்துக்கொண்டு போனாள். எள்ளுருண்டை கொடுத்தார்கள், நான் மூன்று தின்றேன். பட்டுப் பாவாடையில் அக்கா தலையைக் குனிந்துகொண்டு மணையில் உட்கார்ந்திருந்தாள். “பெரிய மனுஷி ஆயிட்டா, இனிமே தெருவுல ஆட விடமாட்டாங்க” என்றாள் அம்மா. எனக்குத் துளி வருத்தம் வரவில்லை. ஆள் ஏழாகிவிட்டது, என்னோடு எட்டு. அது ஒன்றுதான் மனதில் ஓடியது.

அடுத்த திங்கட்கிழமை முனைவீட்டுப் பையனோடு கை கோத்துத் தள்ளிப்போய், நான் ரயில், அவன் பஸ் என்று முடிவு செய்துகொண்டு வந்தோம். தலைவனாக நின்ற அண்ணன் “ரயில்” என்றான். நான் முன்னால் போய் நின்றதும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

ஆனால் அன்றைக்கு நான் நன்றாக ஆடினேன். எங்கள் கட்சியில் இரண்டு பேர் அவுட்டாகி, நானும் அண்ணனும்தான் மிச்சம். எதிர்க்கட்சி பந்தைத் தன் பக்கமே வீசும்படி அவன் போக்குக் காட்டிக்கொண்டு ஓட, நான் குனிந்து ஆறு கல் அடுக்கிவிட்டேன். ஏழாவதைக் கையில் எடுத்தபோது பந்து வந்தது. ஃப்ராக்கின் ஓரத்தில் லேசாக உரசிக்கொண்டு போனது. நான் கல்லை வைத்து “லகோரி” என்று கத்தினேன். அந்தக் கல்லை யாரும் எடுக்கவில்லை.

“பட்டுச்சு, பட்டுச்சு” என்று எதிர்க்கட்சி ஓடிவந்தது. “படவே இல்ல” என்று அண்ணன் மல்லுக்கு நின்றான். சண்டை முற்றும்போது மேலேயிருந்து குரல் வந்தது.

“பட்டுச்சு. புட்டி அவுட்டு. நான் பாத்தேன்.”

அக்கா மாடி ஜன்னலில் நின்றிருந்தாள், இரண்டு கையும் கம்பியில். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அண்ணன் நிமிர்ந்து, “நீதான் ஆட்டத்துலயே இல்லையே. உன் பேச்செல்லாம் சேராது” என்றான்.

அவள் கம்பியிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது. இத்தனை மாதத்தில் முதல்முறையாக என் கல் நிற்கிறது, அதையா இவள் கண் வைத்துப் பார்க்க வேண்டும்? நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஜெயம் எங்களுக்கு. ஆனால் அண்ணன் சொன்னதைக் கேட்டு அவள் முகம் சுட்டது எனக்குத் தெரிந்தது. அந்தச் சூடு எனக்குப் பழக்கமானது.

“பட்டுச்சு. ஃப்ராக்ல பட்டுச்சு” என்றேன்.

சொல்லிவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்து அழுதேன். அண்ணன் என்னோடு டூ விட்டான். ராத்திரி சாப்பிடும்போதுகூட, ரசத்தை இந்தப் பக்கம் நகர்த்தச் சொல்லென்று அம்மாவிடம்தான் சொன்னான்.

மறுநாள் நான் சீக்கிரமே அவுட்டாகிச் சுவரோரம் போய்விட்டேன். அப்புறம் அண்ணனே மாட்டினான். பந்து அவன் தோளில் பட்டது என்றார்கள், இல்லவே இல்லை என்று அவன் குதித்தான். கொஞ்ச நேரம் கத்திப் பார்த்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேலே பார்த்தான்.

“ஏய், பட்டுச்சா இல்லையா? நீ சொல்லு.”

அக்கா ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக் கீழே பார்த்தாள்.

“அவுட்டு” என்றாள்.

அண்ணன் நேராக வந்து, என் பக்கத்தில் சுவரோரம் உட்கார்ந்தான்.