சனிக்கிழமை எடை

நான் என் மகளை மூன்று முறை அடித்திருக்கிறேன். மூன்றும் சனிக்கிழமை. நினைவை நம்பிச் சொல்லவில்லை. 2008ஆம் வருட டைரியில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. ரயில் எத்தனை நிமிடம் தாமதம் என்பதைக்கூடக் குறித்துவைக்கிறவன் இதை விட்டிருக்க முடியாது.

அப்போது ஆம்பூரில் ஒரு தோல் கிடங்கில் வேலை. லாரியில் வந்திறங்கும் உப்புத் தோல்களை எடைபோட்டு, எருமைக்கு ஒரு பக்கம், ஆட்டுக்கு ஒரு பக்கம் என்று நோட்டில் எழுதவேண்டும். மகளுக்குப் பதினொரு வயது. வயதுக்கு எடை மிக அதிகம் என்று பள்ளிக்கூடப் பரிசோதனையில் சொல்லிவிட்டார்கள். வேலூரில் நர்ஸாக இருந்த என் மனைவியின் அக்கா, சென்னையில் ஒரு டாக்டரம்மா இணையத்தில் நடத்திய பத்து வார எடைக்குறைப்புப் பயிற்சியில் எங்களைச் சேர்த்துவிட்டார்.

குடும்பமாகச் சேரவேண்டும் என்பது அதன் விதி. வீட்டில் ஒவ்வொருவரும் என்ன சாப்பிட்டார், எவ்வளவு நடந்தார், என்ன எடை என்று நிரப்பிச் சனிக்கிழமைதோறும் அனுப்பவேண்டும். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நான்தான் நிரப்புவேன். மூன்று பேருக்கு மூன்று வரிசை. மகளின் வரிசையைக் கிராம் சுத்தமாக நிரப்பினேன். மற்ற இரண்டிலும் கோடு போட்டேன். நோய் அவளுக்குத்தானே என்று நினைத்தேன்.

பஸ் ஸ்டாண்டு எடை மெஷினில் முள் ஆடும். கிடங்குத் தராசு பிசகாது. அதனால் அவளைக் கிடங்குக்கு அழைத்துப்போனேன். தராசுப் பலகையில் ரத்தமும் உப்பும் கலந்த தண்ணீர் எப்போதும் தேங்கியிருக்கும். கொக்கி போட்டுத் தோல் இழுப்பவர்கள் ஒதுங்கி நின்றார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள்.

"சார், இத்த எருமைல எழுதுவியா, ஆட்டுல எழுதுவியா?" என்றார் லோடுமேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எருமைப் பக்கத்தின் ஓரத்தில் எழுதினேன்.

இரண்டாம் வாரம் எடை ஏறியிருந்தது. வீடு திரும்பும் வழியில் கன்னத்தில் அறைந்தேன். நான்காம் வாரம் பக்கத்து வீட்டு நிக்காஹ் விருந்திலிருந்து பிரியாணி வந்தது. அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தட்டைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன், பிறகு அவளை.

ஆறாம் வாரம் அவள் தராசில் ஏறமாட்டேன் என்று கிடங்கின் இரும்புக் கேட்டைப் பிடித்துக்கொண்டாள். தலைமுடியைப் பற்றி இழுத்தேன். கட்டு கட்டுகிற தோல் வார் ஒன்று கையில் அகப்பட்டது. எத்தனை அடி என்று டைரியில் இல்லை. லோடுமேன் வந்து என் மணிக்கட்டை முறுக்கினார்.

"வுடு சார். சரக்கு இல்ல, கொயந்த."

வீட்டில் மனைவி மகளின் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள். சொம்பை எடுத்து வீசினாள். என் புருவம் பிளந்தது. ரத்தம் கண்ணில் இறங்கும்போது அவள் குரல் கேட்டது.

"இன்னொரு தபா கை வச்சீங்கன்னா அக்கா வீட்டுக்குப் போய்டுவோம். அப்புறம் நாங்க வர்றதே இல்ல."

அன்று மாலை அவர்கள் இருவருமே பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் படிவத்தில் தங்கள் இரண்டு வரிசைகளையும் நிரப்பினார்கள். திங்கட்கிழமை பதில் வந்தது. டாக்டரம்மா ஒரே கேள்விதான் கேட்டிருந்தார்: ஆறு வாரமாக அப்பாவின் எடை ஏன் வரவில்லை? மகள் அதை அச்செடுத்து வந்து என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை மூவரும் கிடங்குக்குப் போனோம். "அவ ஏற மாட்டா. நீங்க ஏறுங்க. அவ எழுதட்டும்," என்றாள் மனைவி.

செருப்பைக் கழற்றினேன். உப்புத் தண்ணீர் குதிகால் வெடிப்பில் எரிந்தது. தொண்ணூற்று நான்கு கிலோ. கொக்கிகள் நின்றுவிட்டன. யாராவது ஏதாவது சொல்லிச் சிரிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

மகள் நோட்டைப் புரட்டினாள். எருமைப் பக்கங்களின் ஓரத்தில் தன் எடைகளைக் கண்டுபிடித்தாள். பிறகு லோடுமேனிடம் கேட்டாள்: "அண்ணா, இவர எதுல எழுதணும்?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தன் எடைக்குக் கீழேயே எழுதினாள். பத்தாம் வாரம் வரை தராசில் நான்தான் ஏறினேன். அவர்கள் வேலூருக்குப் போகவில்லை. ஆனால் அதன் பிறகு வீட்டில் நான் கையை உயர்த்தி எதை எடுத்தாலும், அலமாரியிலிருந்து டைரியை எடுத்தாலும்கூட, மகள் ஓர் அடி பின்னால் நகர்ந்துகொள்வாள். அதையும் தேதியோடு எழுதிவைத்திருக்கிறேன்.