வெட்டிக் குறைத்த துப்பாக்கி

வேட்டை உரிமத்துக்கான பரீட்சையில் தேறியும், ஆள் குள்ளமான எனக்கு ஒஸ்லோக் கடைகளில் இருந்த எந்தத் துப்பாக்கியும் சரிவரவில்லை. அதனால் பாரம் குறைந்த பழைய ரைஃபிள் ஒன்றைப் பார்க்க, கணவருடன் பக்கத்து ஊரான ஸ்ட்ரோம்மனில் ஒரு வீட்டுக்குப் போனேன்.

விற்பவர் வயதான நோர்வேக்காரர். துப்பாக்கி என் தோளில் அப்படியே பொருந்தியது. ஆனால் அதன் மரக்கட்டை அறுத்துக் குறுக்கப்பட்டு, உள்ளேயும் குடையப்பட்டிருந்தது. குழலின் நுனியையும் வெட்டியிருந்தார்கள்.

"ஏதோ வெடிப்பை மறைக்கத்தான் வெட்டியிருக்கினம். விடும், போவம்," என்றார் கணவர் தமிழில்.

எனக்கும் அதே சந்தேகம். "உண்மையைச் சொல்லுங்கள், இது எங்கே உடைந்தது?" என்று விற்பவரிடம் நோர்வேஜிய மொழியில் கேட்டேன். அவர் முகம் சிவந்தது. உள்ளே திரும்பிப் பார்த்தார்.

ஊன்றுகோலுடன் அவர் மனைவி வந்தார். என்னைவிடக் குள்ளம்.

"துப்பாக்கிக்கு ஒன்றுமில்லை. என் கைகள்தான் பலமிழந்து வருகின்றன. நான் வேட்டைக்குத் தூக்கிப்போக முடியவேண்டுமென்று இவர் வருடாவருடம் இதைக் கொஞ்சம் வெட்டிப் பாரம் குறைத்தார். இந்த வருடம் இதையும் தூக்க முடியவில்லை."

நான் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா கோபிக்கவில்லை. துப்பாக்கி என் தோளில் இருந்த விதத்தைப் பார்த்து, "இனி வெட்டத் தேவையில்லை," என்றார்.

ஒரு மனிதரின் பல வருட அன்பைப் பார்த்து ஏமாற்று என்று நினைத்தேனே! இன்றும் கூசுகிறது.