ஐந்தாவது கால்

நூலகர் கேட்டது நான்கு வரி. அக்கா இறந்து இரண்டு மாதம் ஆகிறது. குழந்தைகள் அறையில் அவள் புகைப்படத்தை மாட்டி, கீழே நான்கு வரி ஒட்டி, பக்கத்தில் அவள் கடைசிப் புத்தகத்தின் ஐந்து கால் நாயைப் பெரிதாக அச்சடித்து வைக்கப் போகிறார்களாம். "கூடவே இருந்தவங்க நீங்கதானே. நல்லதா எழுதிக் குடுங்க" என்றார். அந்த நாய் அக்கா வரைந்ததல்ல என்று சொன்னேன். "உங்களுக்கு எப்பவுமே கிண்டல்தான்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான்கு வரியை எழுதிக் கொடுத்துவிட்டேன். மிச்சம் இது.

என் அக்கா சிறுவர் படக்கதைப் புத்தகங்களுக்குப் படம் வரைந்தவள். முப்பது வருடத்தில் இருபத்திரண்டு புத்தகங்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "பிரஷ் கழுவவே நேரம் இல்ல" என்பாள். கழுவியது நான். என் கணவர் போன பிறகு அவளோடு வந்து தங்கினேன். வந்த மறுநாளே அழுக்குப் பிரஷ் டப்பாவை என் கையில் திணித்துவிட்டாள்.

சனிக்கிழமை தோறும் நூலகத்தில் சின்னக் குழந்தைகளுக்கு ஓவியப் பட்டறை. ஐந்து வயது முதல் எட்டு வரை, பதினைந்து உருப்படிகள். நான் பாய் விரித்து, செய்தித்தாள் பரப்பி, பழைய சட்டைகளைப் பின்பக்கமாகத் திருப்பி மாட்டி முதுகில் பட்டன் போட்டு விடுவேன். வாசலில் ஒரு காலி பிஸ்கட் டப்பா இருக்கும். உள்ளே வருகிற பிள்ளை தன் ரப்பரை அதில் போட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். "தப்புக் கோடுன்னு ஒண்ணு கிடையாது. கோடு எங்க போகுதோ, நீயும் பின்னாடியே போ" என்பாள் அக்கா. ஒரு பையனின் யானைத் தும்பிக்கை கை தவறிக் காகிதத்தின் ஓரம் வரை ஓடிவிட்டது. அரை மணி நேரத்தில் அது தீயணைப்பு வண்டி ஆனது.

பெற்றோர்கள்தான் அவளுக்கு ஆகாதவர்கள். ஒரு அப்பா, மகன் கையிலிருந்த பென்சிலை வாங்கி மூக்கைச் சரியாக வரைந்து காட்டினார். அக்கா அவரை எழுப்பி வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினாள். "கொழந்த கோட்டுல கை வைக்க நாம யாரு?" என்று வீட்டுக்கு வந்தும் பொரிந்து தள்ளினாள். அதை நான் மறக்கவில்லை. அவள் மறந்தாள்.

ஒரு வருடம் அவள் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் டீக் கோப்பை தட்டில் கடகடவென்றது, பிறகு கையெழுத்து கோணியது. நரம்புத் தளர்ச்சி, மாத்திரை தள்ளிப் போடும், குணப்படுத்தாது என்றார் டாக்டர். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அக்கா என்னிடம் சத்தியம் வாங்கினாள். தொலைந்துபோன நாய் ஒன்று வீட்டுக்கு ஓடி வருகிற கதைக்குப் படம் கேட்டுப் பதிப்பகம் காத்திருந்தது. அந்த நாயை நாற்பது தடவை வரைந்து நாற்பதையும் கிழித்துப் போட்டாள். பட்டறையிலும் கரும்பலகைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள். "நீங்களே வரைங்க, நான் வேடிக்கை பாக்கறேன்" என்றாள். இது ஏதோ புதுப் பயிற்சி முறை என்று நினைத்துப் பெற்றோர்கள் பாராட்டினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஓட்டைப்பல் வந்தாள். ஆறு வயது, மேல் வரிசையில் முன்பல் இரண்டும் இல்லை. அம்மா இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறையில் பள்ளிச் சீருடை தைக்கிறவர். வந்த மூன்றாவது வாரம் மெழுகு வண்ணத்தால் ஒரு நாய் வரைந்தாள். மூக்கில் தொடங்கிய கோடு, கையை எடுக்காமல் வால் வரை போய் முடிந்தது. கீழே ஐந்து கால்கள்.

"இதப் பத்திச் சொல்லு" என்றாள் அக்கா. 'இது என்ன' என்று அவள் எந்தக் குழந்தையையும் கேட்டதில்லை.

"வேகமா ஓடுது ஆன்ட்டி. நாலு காலு பத்தல."

அக்கா அந்தக் காகிதத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படங்களைக் கொடியில் கிளிப் போட்டு மாட்டி, மறுவாரம் அவரவருக்குத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வழக்கம். மறுவாரம் எல்லோருக்கும் வந்தது, ஓட்டைப்பல்லுக்கு மட்டும் வரவில்லை. "தண்ணி கொட்டி வீணாயிடுச்சு கண்ணு. இன்னொண்ணு வரையேன்" என்றாள் அக்கா. மெழுகு வண்ணம் தண்ணீரில் வீணாகாது. அது பிரஷ் கழுவுகிறவளுக்குத் தெரியும். குழந்தை "சரி ஆன்ட்டி" என்று ஒரு பூனை வரைந்தது.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் டீ கொண்டுபோனேன். கணினித் திரையில் அந்த நாய் நின்றது. ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தாள். கோடு அப்படியே இருந்தது, வண்ணம் மட்டும் அக்காவுடையது.

"அது ஓட்டைப்பல்லோட நாய்தானே?"

"நாய்னா நாய்தான்."

"அவகிட்ட கேட்டியா?"

"ஆறு வயசுப் பொண்ணுகிட்ட என்னத்தக் கேக்கறது? அவ இன்னும் நூறு நாய் வரைவா. எனக்கு இது ஒண்ணு போதும்." பிறகு குரல் இறங்கியது. "இத முடிச்சுட்டு எல்லாத்தையும் விட்டுடறேன்டி."

துண்டை இடம் மாற்றிப் போட்டதற்கெல்லாம் அவளோடு மல்லுக்கு நிற்கிறவள் நான். அன்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். காலையில் மாத்திரைப் பட்டையைப் பிரிக்க முடியாமல் அவள் பல்லால் கடித்ததைப் பார்த்திருந்தேன், பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தில் கொஞ்சம் அந்தக் குழந்தைக்கும் ஒதுக்கியிருக்கலாம்.

புத்தகம் வந்தது. அவளுடைய முந்தைய இருபத்தொன்றில் எதற்கும் கிடைக்காத பேர் இதற்குக் கிடைத்தது. எல்லோரும் ஐந்தாவது காலைத்தான் சொன்னார்கள். நூலகத்தில் வெளியீட்டு விழா. முன்னால் பாயில் குழந்தைகள், பின்னால் நாற்காலியில் பெரியவர்கள். அக்கா புத்தகத்தை விரித்துக் காட்டினாள். கை நடுங்குவது தெரியாமல் இருக்க, ஒரு ஓரத்தை நான் பிடித்துக்கொண்டேன்.

ஓட்டைப்பல் எழுந்து நின்றாள். "அது என் நாய்."

பெரியவர்கள் சிரித்தார்கள். அவள் உட்காரவில்லை. "நான்தான் வரைஞ்சேன். தண்ணி கொட்டிடுச்சுன்னு ஆன்ட்டி சொன்னாங்க."

சிரிப்பு நின்றது. எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் விரலுக்குப் பக்கத்தில் அவள் விரல் ஆடிக்கொண்டிருந்தது.

"நல்ல படம்னா அப்படித்தான். பாக்கற ஒவ்வொரு கொழந்தைக்கும் தன்னோடதுன்னு தோணும்" என்றாள்.

கை தட்டினார்கள். தையல்காரம்மா முகம் சிவந்து முன்னால் வந்து மகளின் கையைப் பிடித்தார். "எங்க வீட்ல பொய் சொல்ற பழக்கமே கிடையாது மேடம். எங்க கத்துக்கிட்டாளோ. மன்னிப்புக் கேளுடி."

"சாரி ஆன்ட்டி" என்றது குழந்தை. நானும் ஒரு ஓரத்தைப் பிடித்தபடி கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றேன்.

"வாய் வரைக்கும் வந்துச்சு" என்றாள் அக்கா, வீட்டுக்கு வந்து.

"அப்புறம் ஏன் வெளிய வரல?"

"கை தட்டிட்டாங்களே."

அவளை அறைய வேண்டும் போலிருந்தது. என்னை யார் அறைவது என்றும் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஓட்டைப்பல் டப்பாவில் ரப்பரைப் போடவில்லை. உள்ளங்கையில் ஒளித்து வைத்திருந்தாள். வரைந்தாள், அழித்தாள், வரைந்தாள், அழித்தாள். மணி அடித்தபோது காகிதத்தில் அழுக்கு மட்டும் இருந்தது. அக்கா பார்த்தாள், ரப்பரைக் கேட்கவில்லை. இரண்டு வாரத்துக்குப் பிறகு அந்தக் குழந்தை வரவே இல்லை.

அக்காவுக்கு மனசு வர நான்கு மாதம் ஆயிற்று. அதற்குள் அவள் சட்டைப் பட்டனைக்கூட நான்தான் போட்டுவிட வேண்டும் என்றாகிவிட்டது. ஒரு காலையில், அலமாரி அடியில் வைத்திருந்த அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு தையல்காரம்மா வீட்டுக்குப் போனோம். அறை முழுக்கச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்ட நீலத் துணி. வெட்டு மேஜையின் அடியில் உட்கார்ந்து ஓட்டைப்பல் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். முன்பல் இரண்டும் முளைத்திருந்தன.

அக்கா உட்காரவில்லை. "அன்னைக்கு உங்க பொண்ணு பொய் சொல்லல. அந்த நாய் அவளோடதுதான். நான் எடுத்துக்கிட்டேன்."

தையல் மெஷின் நின்றது.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்து அடிச்சேன் மேடம். தைக்கிற ஸ்கேலால. இந்தக் கைதான் வரைஞ்சுதான்னு கேட்டுக் கேட்டு அந்தக் கையிலயே அடிச்சேன். இல்லன்னு சொல்ற வரைக்கும் விடல."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, காகிதத்தை மேஜைக்கு அடியில் தள்ளினாள். "இது உன்னோடது கண்ணு."

குழந்தை முதலில் அம்மாவைப் பார்த்தது, பிறகு படத்தை. "என்னுது இல்ல ஆன்ட்டி."

"உன்னுதுதான்டி, ஆன்ட்டியே சொல்றாங்க பாரு" என்றார் அம்மா. அழுதுகொண்டிருந்தார். "அடிக்க மாட்டேன். சொல்லு."

"நான் வரையலம்மா. நாய்க்கு நாலு காலுதான்."

எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். நாங்கள் இன்னும் எதையோ எதிர்பார்க்கிறோம் என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். பென்சில் டப்பாவைத் திறந்து ரப்பரை எடுத்தாள். காகிதத்தை முழங்கையால் அழுத்திக்கொண்டு ஐந்தாவது காலைத் தேய்க்க ஆரம்பித்தாள். மெழுகு அழியாது. கறுப்பாக இழுவியது.

"வேண்டாம் கண்ணு" என்று அக்கா கையை நீட்டினாள். கை நடுங்குகிற நடுக்கத்தில் மேஜைக் காலில் இடித்துக்கொண்டது. சரியாக அழியவில்லை என்று சொல்கிறார்கள் என நினைத்துக் குழந்தை இன்னும் அழுத்தித் தேய்த்தது. காகிதம் கிழிந்தது.

அவள் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் போயின.

"சாரி ஆன்ட்டி" என்றாள்.