நீலக்குழியின் கயிற்றுக்காரர்

என் புருஷன் ஸுவைலிமுக்கு இருபத்திரண்டு வருஷமாக ஒரே வேலை. எங்கள் மகன் அவ்வாதை வைத்து இவரை அபூ அவ்வாத் என்றும் என்னை உம்மு அவ்வாத் என்றும் ஊரில் கூப்பிடுவார்கள். தஹப் ஊருக்கு வடக்கே மலையடியில், கரையை ஒட்டியே கடல் வாய் பிளந்து கிடக்கிறது நீலக்குழி. அதன் நடுவே மிதவை கட்டி, நுனியில் எடையோடு கயிற்றை இறக்குவார். அந்தக் கயிற்றோடு, காற்றுக்குழாய் எதுவும் இல்லாமல், ஒரே மூச்சை அடக்கிக் கீழே போய்த் திரும்ப எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். அலை கிடையாது, கரையிலிருந்து பத்து எட்டு வைத்தால் ஆழம். திரும்பாதவர்களின் பெயர்ப்பலகைகள் பாறையில் இருக்கின்றன. அதற்குப் பக்கத்தில்தான் என் டீக்கடை. தினமும் அவற்றைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

மேலேறி வருகிறவர்களை இவர் பாதி வழியில் முங்கிப் போய்ச் சந்தித்துக் கூட வருவார். தலை வெளியே வந்ததும் அவர்கள் முகமூடியைக் கழற்றி, விரலை வளையமாகக் காட்டி, "நல்லா இருக்கேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மேலே வந்த பிறகும் சிலருக்கு நினைவு தப்பும்; அதனால் அதைக் காதால் கேட்ட பிறகுதான் இவர் அவர்கள் தாடைக்கடியிலிருந்து கையை எடுத்து விலகலாம்.

இவருக்கோ காதே போய்விட்டது. "சளியோட முங்காதீங்க" என்று எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டேன். "ஆளு வந்து நிக்குதே, என்ன பண்ண" என்பார். இடது காது நாலு வருஷம் முன்னால் போயிற்று, வலது காது இந்தக் குளிர்காலத்தில். கீழே அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டால் வருகிறவர்கள் "அமைதி" என்கிறார்கள். அமைதி வேண்டுமென்றால் என் புருஷனிடம் கேட்கட்டும்.

முதலாளி ரம்ஸிக்குத் தெரிந்தால் மறுநாளே வேலையை விட்டு நிறுத்திவிடுவார். அதனால் இவர் உதட்டைப் பார்த்தே சமாளித்தார். நானும் வாய் திறக்கவில்லை. வேறு என்ன வேலை தெரியும் இந்த மனுஷனுக்கு?

போன செவ்வாய்க்கிழமை காலை யொலாந்தா என்ற போலந்துக்காரப் பெண் எண்பது மீட்டர் ஆழம் போய் வந்தாள். முகமூடியைக் கழற்றும்போது ஈரமுடி அவிழ்ந்து வாயை மறைத்தது. விரலைக் காட்டினாள், சொல்லையும் சொன்னாள். கரையிலிருந்த எனக்கே கேட்டது. எல்லாரும் கை தட்டினார்கள். இவர் மட்டும், அவள் இன்னும் சொல்லவில்லை என்று நினைத்து, தாடைக்கடியில் கொடுத்த கையை எடுக்கவில்லை.

"விடுய்யா அபூ அவ்வாத். பொண்ணு பாக்கவா வந்திருக்கே?" என்று ரம்ஸி சிரித்தார்.

அப்போதுதான் அவள் கண் மேலே செருகியது, உடம்பு துவண்டது. இவர் கை இல்லையென்றால் முகம் தண்ணீருக்குள் போயிருக்கும். கன்னத்தில் தட்டி முகத்தில் ஊதினார். நாலாவது ஊதலில் மூச்சு வந்தது.

கரையில் இவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ரம்ஸி பின்னால் வந்து, "உனக்கு மட்டும் எப்படிய்யா தெரிஞ்சுது?" என்று கேட்டார். மறுபடி கேட்டார். மூன்றாவது தடவை கத்தினார். இவர் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே இருந்தார். ரம்ஸியின் முகம் மாறியது. டீத் தட்டோடு நின்ற என் பக்கம் திரும்பினார்.

"நாளையிலேர்ந்து வர வேணாம்னு நீயே சொல்லிடு, உம்மு அவ்வாத்," என்றார். "என் வாயால முடியாது."

ராத்திரியே விஷயத்தைச் சொல்லிவிட்டேன். மறுநாள் வெயில் ஏறியும் இவர் வீட்டிலேயே இருந்தார். ரொட்டியைத் தொடவில்லை. எதிரே உட்கார்ந்தேன். இவர் தாடைக்கடியில் கை கொடுத்து முகத்தை என் பக்கம் திருப்பி, உதடு தெரியும்படி கேட்டேன்.

"நல்லா இருக்கீங்களா?"

விரலை வளையமாகக் காட்டினார்.

"அது போதாது. வாயைத் திறந்து சொல்லுங்க."

வளையத்தைக் கலைத்துக் கையை மடியில் இறக்கினார்.

"இல்ல," என்றார்.

நான் கையை எடுக்கவில்லை.